பித்தளை

"முக்கால் மழை" வெளிவந்த வாரம்
"இரண்டுங்கெட்டான்" என்றது சென்னைப் பத்திரிகை,
கால் பக்கத்தில், சமையல் குறிப்புக்கு மேலே.
சர்க்கரை கூடிவிட்டது என்றார்
பெங்களூரில் ஜாஸ் கிளப் நடத்தும் ஒருவர்.
சபாக்காரர் ஒருவரை
யாரும் கேட்கவே இல்லை, ஆனாலும் சொன்னார்:
"காம்போதியின் கையை முறுக்கியிருக்கிறாள்."
கல்லூரிப் பையன்களுக்கு ஒரே குறை,
ஆடத் தொடங்கும் நேரம் பார்த்து
தாளம் ஏழாகிவிடுகிறதாம்.
கண்டனூர்ப் பங்காளி வீட்டில் கேட்டது இன்னும் நேரானது:
இதை எந்தக் கல்யாணத்தில் போடுவது?

நான் எழுதியதுதான் எல்லாவற்றிலும் சின்னது.
முந்நூறு பிரதி அச்சாகும் எங்கள் காலாண்டிதழில்
பத்தொன்பதாம் பக்கம்.
பதினைந்து வருடம் பாப் என்றால் முகம் சுளித்த
சிகப்பி சாத்தப்பனின் சாக்ஸபோன்
இப்போது பாப் பாடகிக்குப் பின்னால்
குடை பிடித்து நிற்கிறது என்று தொடங்கி
"பித்தளை இளித்துவிட்டது" என்று முடித்தேன்.
அந்தக் கடைசி வரிக்காகத்தான்
மற்ற வரிகளை எழுதினேன்.
ஆசிரியர் போனில் சிரித்தார்.
அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம்.

பகலில் என் வேலை வேறு.
காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில்
வந்து சேரும் உலோகத் துண்டுகளை
அமிலத்தில் கரைத்து
எதில் எது எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பேன்.
நல்லது, கெட்டது என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை
ஐந்து விளக்குக்குப் பக்கத்து மருந்துக்கடையில்
இருமல் மாத்திரைக்கு நின்றேன்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பெண்
கீழுதட்டை மடித்துக் காட்டி
புண்ணுக்குக் களிம்பு கேட்டாள்.
பிறகு என் பக்கம் திரும்பினாள்.
"நீங்கதானே பித்தளை?"
கடைக்காரர் என்னைப் புதிதாகப் பார்த்தார்.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.
"எங்க வேலை பார்க்கிறீங்கன்னு சொன்னாங்க.
அப்ப சதவீதம் போட்டிருக்கலாமே."
குரலில் கோபம் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.
மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டாள்.
ஸ்கூட்டர் செக்காலை ரோட்டில் திரும்பியது.
மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செம்பு எழுபது. துத்தநாகம் முப்பது.
வெறும் செம்பு வளைந்துகொடுக்கும்,
வெறும் துத்தநாகம் உடையும்.
அவள் பதினைந்து வருடமாய் ஊதும் குழாயே கலவைதான்.
இதைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன்
பத்தொன்பதாம் பக்கத்தில் மட்டும் கோட்டைவிட்டேன்.

இப்போது புதுவயல் மினிபஸ்ஸில்
நாலாம் பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறான் டிரைவர்.
பல்லவி முடிந்ததும் அவள் நுழையும் இடம்
நாற்பத்தோரு விநாடி,
ஜாஸ்காரர்கள் போதாது என்றதும்
பாப்காரர்கள் எதற்கு என்றதும் அதுதான்.
அவன் தள்ளிவிடவில்லை.
கானாடுகாத்தான் போக ஏறி
தப்பான பஸ் என்று தெரிந்த ஒருத்தி
இறங்கப் பார்த்தவள் படியிலேயே நின்றாள்,
பாட்டுக்காகவா, மழைக்காகவா,
எனக்குத் தெரியாது.
கண்டக்டர் ஊதிய இரண்டு விசில்
அவள் விட்டுவைத்த இடைவெளியில் போய் விழுந்தது.
ஏழாவது தட்டில். எண்ணிப் பார்த்தேன்.

ஒன்பது பாட்டையும் கரைத்துப் பார்த்து
எதில் எது எவ்வளவு என்று
ஆசிரியருக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன்.
அடுத்த இதழில் இடமில்லையாம்,
சந்தா நினைவூட்டல் போட வேண்டுமாம்.
"பழைய வரி நல்லா இருந்துச்சே" என்றார்.
நல்லாத்தான் இருந்தது.

எட்டாம் பாட்டு மட்டும்
எனக்கு இன்னும் ஆகவில்லை.
அதில் ஈயம் அதிகம்.
அதையும் சதவீதத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.